வழு யாருடையது என்று தேடிய 5 மாதங்கள்

2019-ஆம் ஆண்டு தீபாவளிக்கு இன்னும் 9 நாள் இருந்தது. அக்டோபர் 18, வெள்ளிக்கிழமை, விளக்கு வைக்கும் நேரம். விருதுநகரில் நான் கணக்கு நிரல் எழுதிக் கொடுத்திருந்த மளிகை மொத்தக் கடையில் மின்சாரம் போனது. கடையில் யுபிஎஸ் இருந்தது. அதன் பேட்டரி ஆடி மாதமே செத்துவிட்டது; மாற்றச் சொல்லி நான் 2 முறை சொன்னேன், மூன்றாவது முறை சொல்லவில்லை. 10 நிமிடத்தில் மின்சாரம் திரும்பியது. கணினி ஒழுங்காக எழுந்தது, திரை வந்தது, நிரலும் திறந்தது. ஆனால் பற்று வரவுப் பேரேட்டில் ஒரு வரிகூட இல்லை. கடை முதலாளி எனக்குத் தொலைபேசியில் சொன்னது இவ்வளவுதான்: "தம்பி, யாருமே நமக்குப் பாக்கி தர வேண்டியதில்லை என்று காட்டுகிறது. கொஞ்சம் வந்து பாருங்கள்." அந்த அண்ணாச்சியின் குரலில் கோபம் இல்லை. அதுதான் என்னை அதிகம் கலக்கியது.

போய்ப் பார்த்தேன். பேரேட்டுக் கோப்பு அதே பெயரில், அதே இடத்தில் இருந்தது. அளவு மட்டும் 0 பைட். கடைசியாகப் பென் டிரைவில் நகல் எடுத்த நாள் அக்டோபர் 7, ஆயுத பூஜையன்று. தினமும் எடுப்பதாக ஏற்பாடு. தீபாவளி நெரிசலில் கடைப்பையன் மறந்தான், நானும் கேட்கவில்லை. ஆக 11 நாள் கணக்கு, அதுவும் ஆண்டிலேயே கடன் வியாபாரம் அதிகம் நடக்கும் 11 நாள். நாளுக்கு ஏறக்குறைய 130 சிட்டை என்றால், சுமார் 1,400 பதிவுகள் போய்விட்டன.

அடுத்து நான் செய்ததை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. கணினியை அப்போதே அணைத்திருக்க வேண்டும். அதை விட்டுவிட்டு, 2 நாள் அதே கணினியில் உட்கார்ந்து, மீட்பு மென்பொருள்களை ஒவ்வொன்றாக இறக்கி, அதே வட்டில் நிறுவி, அதே வட்டிலேயே அவற்றை ஓடவிட்டேன். பழைய நகலையும் அங்கேயே கொண்டுவந்து வைத்தேன். அண்ணாச்சி வியாபாரத்தை நிறுத்த முடியாது என்பதால் புதிய பில்களும் அதிலேயே ஏறிக்கொண்டிருந்தன. மூன்றாம் நாள் வட்டைக் கழற்றி மதுரையில் ஒரு தரவு மீட்புக் கடையில் கொடுத்தேன். 14,500 ரூபாய் முன்பணம். 10 நாள் கழித்து ஒரு பென் டிரைவில் அண்ணாச்சி பேத்தியின் பிறந்தநாள் படங்களும் சில பழைய பிடிஎஃப் கோப்புகளும் வந்தன. பேரேடு வரவில்லை. பணமும் திரும்பவில்லை.

அன்று எனக்குத் தெரியாத ஒன்றை இப்போது சொல்லிவிடுகிறேன். மீட்புக் கடைக்குப் போகும் யாருக்காவது இது உதவட்டும். அழிந்த கோப்பு வேறு, வட்டுக்கு வந்தே சேராத கோப்பு வேறு. 0 பைட் ஆகிவிட்ட கோப்பின் கடைசி வடிவம் நினைவகத்தில் மட்டும்தான் இருந்தது. மின்சாரம் போனவுடன் அது போய்விட்டது. எந்தக் கடைக்காரராலும் அதைக் கொண்டுவர முடியாது. ஆனால் அதற்குச் சில நிமிடம் முந்தைய வடிவங்கள் வட்டில் எழுதப்பட்டு, பிறகு நீக்கப்பட்டவை. அவை இருந்த இடம் காலியிடமாக அறிவிக்கப்பட்டிருக்குமே தவிர, எழுத்துகள் உடனே துடைக்கப்பட்டிருக்காது. எங்கள் பேரேடு வெறும் உரைக்கோப்பு. கணினியை உடனே அணைத்து, வேறு பென் டிரைவிலிருந்து லினக்ஸ் இயங்குதளத்தைத் தொடங்கி, வட்டு முழுவதையும் இன்னொரு வட்டுக்கு அப்படியே நகலெடுத்து, அந்த நகலில் ஒரு வாடிக்கையாளர் பெயரைத் தேடியிருந்தால், முந்தைய பேரேட்டின் துண்டுகளாவது கிடைத்திருக்க வாய்ப்பு இருந்தது. அந்த வாய்ப்பை 2 நாளில் என் கையாலேயே மேலெழுதி அழித்தேன்.

கணக்கைத் திரும்பக் கட்டுவதற்கு 9 இரவுகள் ஆயின. கம்பியில் குத்தி வைத்திருந்த சிட்டைகள் கடைசி 4 நாளுக்கு மட்டும் இருந்தன. அதற்கு முந்தையவற்றைப் பையன் மூட்டை கட்டி எடைக்குப் போட்டுவிட்டான். மற்ற நாட்களுக்கு லாரி லோடு சீட்டுகளைப் பார்த்தோம். அதிலும் கிடைக்காதவற்றுக்குச் சில்லறைக் கடைகளுக்கு ஒவ்வொன்றாகத் தொலைபேசி செய்து, "நீங்கள் எங்களுக்கு எவ்வளவு தர வேண்டும் என்று உங்கள் நோட்டில் இருக்கிறது?" என்று கேட்டோம். 40 ஆண்டுகளாகக் கணக்கில் பிசகாதவர் என்று பெயர் எடுத்த ஒருவர், என்னால் இப்படிக் கேட்க வேண்டி வந்தது. பெரும்பாலானவர்கள் நேர்மையாகச் சொன்னார்கள், சிலர் நோட்டைப் படம் எடுத்தே அனுப்பினார்கள். கடைசியில் எந்தப் பக்கத்திலும் சான்று இல்லாமல் நின்ற தொகை 23,000 ரூபாய். அதை நான் ஏற்றுக்கொண்டேன். அண்ணாச்சி வேண்டாம் என்றார். நான் 5 மாதத் தவணையில் கொடுத்து முடித்தேன்.

இனி வழுவின், அதாவது நிரலில் இருந்த பிழையின், கதை. பேரேட்டை வட்டில் சேமிக்க நான் ஒரு சிறிய பைத்தான் நூலகத்தை, அதாவது பைத்தான் மொழியில் பிறர் எழுதி வைத்த நிரல் தொகுப்பை, பயன்படுத்தினேன். திறந்த மூல மென்பொருள், தன்னார்வலர்கள் நான்கைந்து பேர் பராமரிப்பது. இரவு 2 மணிக்கு அவர்களிடம் ஒரு வழு அறிக்கை எழுதினேன். அதை அறிக்கை என்று சொல்ல இப்போது மனம் வரவில்லை. உங்கள் நூலகம் ஒரு மனிதரின் வாழ்க்கையை அழித்துவிட்டது என்று தொடங்கி முழுக்கக் கொதிப்பு. மறுநாள் காலை இரண்டு வரியில் பதில் வந்தது: நாங்கள் எழுதச் சொல்லிவிட்டோம், இயங்குதளம் எழுதவில்லை, இது கோப்பு முறைமையின் (வட்டில் கோப்புகளை வைத்து நிர்வகிக்கும் இயங்குதளப் பகுதியின்) சிக்கல். அறிக்கையை மூடிவிட்டார்கள். உடனே நான் பயன்படுத்திய லினக்ஸ் வழங்கலின் (லினக்ஸையும் மென்பொருள்களையும் சேர்த்துத் தரும் தொகுப்பின்) வழுப் பதிவில் போய் எழுதினேன். அங்கே ஒரு வாரம் கழித்து வந்த பதில்: எஃப்சிங்க் (நினைவகத்தில் இருப்பதை இப்போதே வட்டில் எழுது என்று நிரல் கேட்கும் அழைப்பு) அழைக்காத நிரலுக்கு எந்த உத்தரவாதமும் இல்லை, இது வடிவமைப்பின்படியே நடந்திருக்கிறது, வழு அல்ல. அதையும் மூடிவிட்டார்கள். இரண்டு வாசலிலும் கதவு சாத்தப்பட்டது. இருவருமே தங்களுக்குத் தெரிந்தவரை உண்மையைத்தான் சொன்னார்கள் என்று புரிந்துகொள்ள எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. அந்த மூன்று வாரமும் நான் சாப்பிட்டதும் தூங்கியதும் சரியாக நினைவில்லை.

என்னை வெளியே கொண்டுவந்தவர் அந்த நூலகத்தின் பழைய பங்களிப்பாளர் ஒருவர். மூடிய அறிக்கையின் கீழேயே மூன்று கேள்விகள் கேட்டிருந்தார். கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) பதிப்பு என்ன? பேரேடு இருக்கும் வட்டுப் பகுதி எந்த விருப்பங்களுடன் ஏற்றப்பட்டிருக்கிறது? ஒரே ஒரு சேமிப்பை எஸ்ட்ரேஸ் கொண்டு பதிவு செய்து காட்ட முடியுமா? அனுதாப வார்த்தை ஒன்றுகூட இல்லை. ஆனால் என் இழப்பை உண்மையில் மதித்தவர் அவர்தான் என்று நினைக்கிறேன். பதில் சொல்லக்கூடிய கேள்வியாக அதை மாற்றிக் கொடுத்தார். எஸ்ட்ரேஸ், ஒரு நிரல் கெர்னலிடம் கேட்பவை அனைத்தையும் வரிசையாக எழுதிக் காட்டும் கருவி. ஓடவிட்டுப் பார்த்தேன். நூலகம் புதிய கணக்கைத் தற்காலிகப் பெயரில் எழுதுகிறது, மூடுகிறது, பழைய பேரேட்டை நீக்குகிறது, பிறகு தற்காலிகக் கோப்புக்குப் பேரேட்டின் பெயரை வைக்கிறது. எஃப்சிங்க் எங்கும் இல்லை. அந்த மூன்றாவது படியில்தான் என் 11 நாளும் விழுந்திருக்கின்றன.

ஏன் என்று புரியவைக்க அண்ணாச்சிக்குச் சொன்ன விளக்கத்தையே இங்கும் சொல்கிறேன். ஒரு கணக்குப்பிள்ளை இருக்கிறார். சிட்டைகளை உடனுக்குடன் பேரேட்டில் ஏற்றாமல் சட்டைப்பையில் சேர்த்து, மொத்தமாக ஒரே மூச்சில் ஏற்றுவார். வேலை விரைவாக நடக்கும், பக்கங்களும் ஒழுங்காக அமையும். லினக்ஸின் எக்ஸ்ட்4 கோப்பு முறைமை செய்வது இதைத்தான். தாமத ஒதுக்கீடு என்று பெயர். எழுதச் சொன்ன தரவை ஏறக்குறைய 30 நொடி நினைவகத்தில் வைத்திருந்து, பிறகுதான் வட்டில் இடம் ஒதுக்கி எழுதும். ஆனால் பேரேட்டின் முகப்பில் இருக்கும் பெயர்ப் பட்டியலை, அதாவது எந்தக் கோப்பு எந்தப் பெயரில் இருக்கிறது என்ற விவரத்தை, 5 நொடிக்கு ஒருமுறை பதிந்துவிடும். இப்போது பழைய பக்கத்தைக் கிழித்தாயிற்று. முகப்பில் புதிய பக்கத்தின் பெயரை எழுதியாயிற்று. புதிய பக்கத்தில் எழுத வேண்டிய சிட்டைகள் இன்னும் சட்டைப்பையில். அந்த நொடியில் கணக்குப்பிள்ளை மயங்கி விழுந்தால்? முகப்பில் பெயர் இருக்கும், பக்கம் வெறுமையாக இருக்கும். அதுதான் 0 பைட். அண்ணாச்சி கேட்டுவிட்டு, "அப்படியானால் பழைய பக்கத்தை எதற்கு முதலில் கிழித்தார்?" என்றார். நான் மூன்று வாரம் தேடிய கேள்வியை அவர் மூன்று நிமிடத்தில் கேட்டுவிட்டார்.

இதே கேள்விக்காக 2009-இல் ஒரு பெரிய சண்டையே நடந்திருக்கிறது என்பதை அந்தப் பழைய பங்களிப்பாளர் சொல்லித்தான் அறிந்தேன். ஓர் இரவு முழுக்க உட்கார்ந்து படித்தேன். எக்ஸ்ட்4 நிலையானது என்று அறிவிக்கப்பட்டது 2008 டிசம்பரில், கெர்னல் 2.6.28-உடன். அடுத்த மாதமே, உபுண்டு 9.04 என்ற லினக்ஸ் வழங்கலின் சோதனைப் பதிப்பை ஓட்டிய ஒருவர், கணினி நின்றுபோன பிறகு தன் அமைப்புக் கோப்புகள் எல்லாம் 0 பைட் ஆகிவிட்டதாக எழுதினார். எக்ஸ்ட்4-ஐ எழுதியவர்களில் முதன்மையான தியோடர் சோ விளக்கம் அளித்தார். தரவு வட்டுக்குப் போய்ச் சேர்ந்ததை உறுதிசெய்ய நிரல் எஃப்சிங்க் அழைக்க வேண்டும் என்பது யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான போசிக்ஸ் தரநிலையின் நெடுநாள் விதி. முந்தைய எக்ஸ்ட்3, பெயர் விவரத்தைப் பதியும் முன் தரவையும் எழுதிவிடும் வழக்கம் கொண்டது. அதனால் விதியை மீறிய நிரல்களும் தப்பித்துக்கொண்டிருந்தன. அந்த வழக்கத்தை யாரும் வாக்குறுதியாகக் கொடுக்கவில்லை. எதிர்த்தரப்பு இதை ஏற்கவில்லை. நேற்றுவரை பத்திரமாக இருந்த கோப்பு இன்று அழிந்தால், பயனருக்குத் தரநிலையைக் காட்டுவது பதில் ஆகுமா என்று கேட்டார்கள். லினக்ஸ் கெர்னலை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸும் அந்த மார்ச் மாத விவாதத்தில், பெயர் விவரத்தை முன்னதாகவும் தரவைப் பின்னதாகவும் எழுதும் வரிசையைக் கடுமையாகத் தாக்கினார்.

படிக்கும்போது எனக்குக் கோபம் பக்கம் மாறிக்கொண்டே இருந்தது. முதலில் சோ மீது. பிறகு அவர் சொல்வதில் ஒரு பிழையும் இல்லை என்று தெரிந்ததும் நிரல் எழுதுபவர்கள் மீது. பிறகு அவர்கள் ஏன் எஃப்சிங்கைத் தவிர்த்தார்கள் என்று அறிந்ததும் யார் மீதும் இல்லை. 2008-இல் ஃபயர்பாக்ஸ் 3 என்ற இணைய உலாவி தன் வரலாற்றுப் பதிவைப் பத்திரமாக வைக்க எஃப்சிங்க் அழைத்தது. எக்ஸ்ட்3-இல் ஒரு கோப்புக்கு எஃப்சிங்க் கேட்டால், காத்திருக்கும் பிற கோப்புகளின் தரவையும் சேர்த்து வட்டுக்குத் தள்ளும். பின்னணியில் பெரிய நகல் ஏதாவது ஓடிக்கொண்டிருந்தால் உலாவி பல நொடி உறைந்து நிற்கும். பயனர்கள் திட்டித் தீர்த்தார்கள். ஆக, எஃப்சிங்க் அழைத்தால் தண்டனை, அழைக்காவிட்டால் ஒன்றும் ஆகாது என்று பல ஆண்டுகளாகப் பாடம் கற்பித்ததே ஒரு கோப்பு முறைமைதான். அப்படிப் பழகியவர்களிடம் அடுத்த கோப்பு முறைமை வந்து விதியைப் படித்துக்காட்டியது. இந்தத் தொடர்ச்சியைப் பார்க்காமல் எந்தப் பக்கத்தையும் குற்றவாளி என்று சொல்ல முடியாது.

சோ செய்த ஒரு காரியத்துக்காக அவர்மீது எனக்கு மரியாதை உண்டு. விவாதத்தில் தன் வாதமே சரி என்று கடைசிவரை சொன்னார். கூடவே, விதியை மீறும் நிரல்களின் கோப்புகளையும் காப்பாற்றத் திருத்தங்களை எழுதிச் சேர்த்தார். அவை கெர்னல் 2.6.30-இல் வந்தன. ஒரு கோப்பின் மேல் இன்னொன்றைப் பெயர்மாற்றி வைத்தால், அல்லது இருக்கும் கோப்பைக் காலிசெய்து மீண்டும் எழுதி மூடினால், தாமதிக்காமல் தரவுக்கு இடம் ஒதுக்கி எழுதத் தொடங்கிவிடும். அதன் பிறகு அந்த இரண்டு பழக்கங்களும் பெரும்பாலும் பிழைத்துக்கொண்டன. அப்படியானால் 10 ஆண்டு கழித்து நான் ஏன் விழுந்தேன்? எங்கள் நூலகம் இரண்டில் எதையும் செய்யவில்லை. பழையதை முதலில் நீக்கிவிட்டது. பெயர்மாற்றும் நேரத்தில் அங்கே மேலெழுதுவதற்குக் கோப்பே இல்லை. கெர்னலின் கண்ணுக்கு அது வெறும் புதிய பெயர். காப்பு வலை விரித்திருந்த இடத்துக்கு ஓர் அடி தள்ளி நாங்கள் குதித்திருக்கிறோம்.

நீக்கும் அந்தப் படி ஏன் நூலகத்தில் வந்தது என்று தேடியதில் இன்னொரு உண்மை கிடைத்தது. விண்டோஸில், ஏற்கெனவே இருக்கும் கோப்பின் பெயரைப் பைத்தானின் பழைய பெயர்மாற்ற அழைப்பால் வைக்க முடியாது, பிழை வரும். அதற்காக முதலில் நீக்கு என்று எழுதியிருக்கிறார்கள். இரண்டு தளங்களிலும் மேலெழுதக்கூடிய வேறு அழைப்பு 2012-இல் பைத்தான் 3.3-உடன் வந்துவிட்டது. ஆனால் நூலகம் பைத்தான் 2.7-ஐயும் ஆதரித்துக்கொண்டிருந்ததால் யாரும் அந்த வரியைத் தொடவில்லை. விண்டோஸ்காரர் ஒருவரின் வசதிக்காக நல்லெண்ணத்தோடு எழுதிய ஒரு வரி, ஒன்பது ஆண்டு கழித்து லினக்ஸில் ஓர் இருட்டான மாலையில் அண்ணாச்சியின் பேரேட்டை எடுத்துக்கொண்டது.

திருத்தம் எழுதி அனுப்பினேன். தற்காலிகக் கோப்பில் எழுது, எஃப்சிங்க் செய், பழையதை நீக்காமல் அதன் மேலேயே பெயர்மாற்று, கடைசியில் அடைவுக்கும் (கோப்பு இருக்கும் ஃபோல்டருக்கும்) ஓர் எஃப்சிங்க். 20 வரிகூட இல்லை. இதற்கு 4 மாதம் சண்டை நடந்தது. ஒரு பராமரிப்பாளர் அளந்து பார்த்தார். அவருடைய பழைய சுழல் வட்டில் 1,000 முறை சேமிக்க முன்பு 3 நொடி, திருத்தத்துக்குப் பிறகு ஏறக்குறைய 1 நிமிடம். எங்கள் பயனர்களில் பாதிப்பேர் இதைத் தற்காலிகத் தரவுக்குத்தான் பயன்படுத்துகிறார்கள், அவர்கள் ஏன் இந்த விலையைக் கொடுக்க வேண்டும் என்று கேட்டார். ஃபயர்பாக்ஸ் 3 கதையைச் சொன்னதும் அவர்தான். எனக்கு ஆத்திரம். ஒரு பில்லுக்கு 60 மில்லி நொடி கூடினால் மளிகைக் கடையில் யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்? ஆனால் அவருக்கு மளிகைக் கடை தெரியாது, எனக்கு அவருடைய பயனர்களைத் தெரியாது.

இன்னொருவர் 2010-ஆம் ஆண்டு நடந்ததை எடுத்து வைத்தார். ஃபெடோரா 14 என்ற லினக்ஸ் வழங்கல் வந்தபோது, சி மொழியின் அடிப்படை நூலகமான கிலிப்சியில் மெம்காப்பி என்ற நகலெடுக்கும் செயற்கூறு வேகத்துக்காகச் சில செயலிகளில் பின்னிருந்து முன்னாக நகலெடுக்கத் தொடங்கியது. ஃபிளாஷ் வீடியோக்களில் ஒலி கரகரத்தது. நகலெடுக்கும் நினைவக இடமும் சேருமிடமும் ஒன்றன்மேல் ஒன்று விழும்போது மெம்காப்பியைப் பயன்படுத்தக் கூடாது என்று தரநிலை தெளிவாகச் சொல்கிறது. ஃபிளாஷ் அதை மீறியிருந்தது. கிலிப்சி தரப்பு தங்கள் பக்கம் வழு இல்லை என்றது. லினஸ் அந்த வழு அறிக்கைக்கே வந்து, ஓடிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டுப் பயனரிடம் தரநிலை பேசக் கூடாது என்று வாதாடினார். 2011-இல் கிலிப்சி 2.14 வந்தபோது, பழைய நிரல்களுக்குப் பழைய பாதுகாப்பான நடத்தை, புதிதாகத் தொகுக்கப்படும் நிரல்களுக்குப் புதிய வேகம் என்று பிரித்துவைத்தார்கள். இந்த எடுத்துக்காட்டுதான் எங்கள் சண்டைக்கு வழி காட்டியது. பத்திரமான சேமிப்பே இயல்பு. வேகம் வேண்டுபவர்கள் தாங்களே கேட்டு அணைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தார்கள். 2020 மார்ச்சில் திருத்தம் சேர்ந்தது. அந்த ஆண்டு தொடக்கத்திலேயே பைத்தான் 2.7-க்கான ஆதரவு முடிந்துவிட்டதால், நீக்கும் வரியை எடுப்பதற்கு யாரும் தடை சொல்லவில்லை.

இடையில் என் திருத்தத்திலேயே ஒரு பெரிய பிழை பிடிபட்டது. எஃப்சிங்க் தோற்றால் 3 முறை மீண்டும் முயல வேண்டும் என்று எழுதியிருந்தேன், பொறுப்பாக எழுதிவிட்டதாகப் பெருமையும் இருந்தது. எனக்கு மூன்று கேள்வி கேட்ட அதே மனிதர், போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்துக்கு 2018-இல் என்ன நேர்ந்தது என்று பார்க்கச் சொன்னார். பார்த்து அதிர்ந்தேன். லினக்ஸில் வட்டுப் பிழையால் எஃப்சிங்க் ஒருமுறை தோற்றால், எழுத முடியாமல் போன அந்த நினைவகப் பக்கங்களைக் கெர்னல் எழுதப்பட்டவை போலவே குறித்துவிடலாம். அடுத்த எஃப்சிங்க் வெற்றி என்று திரும்பும். தரவோ வட்டில் இருக்காது. போஸ்ட்கிரெஸ் சுமார் 20 ஆண்டுகளாக, தோற்றால் மறுபடி முயலலாம் என்று நம்பி எழுதப்பட்டிருந்தது. கெர்னல்காரர்களுக்கு அவர்களுடைய நியாயம் இருந்தது: பென் டிரைவைப் பாதியில் பிடுங்கிவிட்டால், எழுதவே முடியாத பக்கங்களை எத்தனை நேரம் நினைவகத்தில் சுமப்பது? தரவுத்தளக்காரர்களுக்கு இவர்களுடைய நியாயம்: தோற்றதை வெற்றி என்று சொன்னால் எதை நம்பிக் கணக்கு வைப்பது? இருதரப்பும் பேசினார்கள். 2019 பிப்ரவரியில் வந்த போஸ்ட்கிரெஸ் பதிப்புகள், எஃப்சிங்க் தோற்றால் உடனே நின்றுவிட்டு, மீண்டும் எழுந்து, தன் பதிவேட்டிலிருந்து கணக்கைத் திரும்பக் கட்டும்படி மாற்றப்பட்டன. நானும் என் மறுமுயற்சியை எடுத்துவிட்டேன். இப்போது எஃப்சிங்க் தோற்றால் நிரல் பெரிய சிவப்பு எழுத்தில் எச்சரித்து நின்றுவிடும், பழைய பேரேடு அப்படியே இருக்கும்.

நீங்களும் என்னைப் போல இரண்டு வாசலுக்கு நடுவில் நிற்க நேர்ந்தால், சில காரியங்களை என்னைவிட முன்னதாகச் செய்யுங்கள். முதல் அறிக்கையைக் கோபம் ஆறும்வரை அனுப்பாதீர்கள். எழுதி வைத்து, விடிந்தபின் உண்மைகளை மட்டும் அனுப்புங்கள். எந்தப் பதிப்பு, எந்த வன்பொருள், என்ன செய்தபோது நடந்தது, திரும்ப நடத்திக் காட்ட முடிகிறதா. திரும்ப நடத்திக் காட்டும் சிறு நிரல் ஒன்று நூறு வரி வாதத்தைவிட வலிமையானது. நான் ஒரு பழைய கணினியில் 15 வரி நிரலை ஓடவிட்டு, நடுவில் மின்சாரத்தைத் துண்டித்து 0 பைட் கோப்பைக் காட்டிய அன்றுதான் மூடிய அறிக்கையை மீண்டும் திறந்தார்கள். மூடுவதை அவமானமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நாளுக்கு இரண்டு மணி நேரம் சம்பளமின்றி உழைப்பவர் முன் என் அறிக்கை போல ஐம்பது கிடக்கின்றன. அதே சமயம், இது வழு அல்ல என்ற பதிலோடு திரும்பியும் வந்துவிடாதீர்கள். அப்படியானால் என் நிரல் என்ன செய்திருக்க வேண்டும் என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குக் கோபக்காரர்கள்கூடப் பதில் சொன்னார்கள். பழைய விவாதங்களைப் படியுங்கள். உங்கள் வழுவைப் பற்றி உங்களுக்கு முன்னால் யாரோ சண்டையிட்டு, அதில் பாதித் தீர்வும் கண்டிருப்பார்கள். நான் 2009 விவாதத்தை முதல் வாரமே படித்திருந்தால், மதுரைக் கடையில் 14,500 ரூபாயைக் கொடுத்திருக்க மாட்டேன்.

கணக்கு நிரல் எழுதுபவர்களுக்கு ஒன்று. பணம் சம்பந்தப்பட்ட எதையும் உரைக்கோப்பில் நீங்களே சேமிக்க முயலாதீர்கள். எஸ்கியூலைட் போன்ற ஒரு சிறிய தரவுத்தளம் போதும். மின்சாரம் போவது, பாதியில் நிற்பது எல்லாவற்றையும் யோசித்துச் சோதித்துத்தான் அதை எழுதியிருக்கிறார்கள். 2020 ஏப்ரலில், ஊரடங்கில் வீட்டிலேயே இருந்தபோது, அண்ணாச்சி கடை நிரலை அதற்கு மாற்றினேன். நகல் எடுக்கும் வேலையையும் பையனிடமிருந்து எடுத்துவிட்டேன்; கடை மூடும் நேரத்தில் நிரலே பென் டிரைவில் நகலெடுத்து, திரும்பத் திறந்து பார்த்து, கடைசிச் சிட்டையின் எண்ணைத் திரையில் காட்டும். அந்த எண் வராமல் கணினியை அணைக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். யுபிஎஸ் பேட்டரி 1,100 ரூபாய். அதை நானே வாங்கிப் போட்டேன்.

கடை திறந்ததும் புதிய நிரலை அண்ணாச்சி முன்னால் சோதித்தேன். கடைக் கணினியில் அல்ல, நான் கொண்டுபோன பழைய கணினியில், யுபிஎஸ் இல்லாமல். அவர் பில் போட்டுக்கொண்டிருக்கும்போதே பிளக்கைப் பிடுங்கச் சொன்னேன். தயங்கினார். "பிடுங்குங்கள் அண்ணாச்சி" என்றேன். பிடுங்கினார். கணினி எழுந்ததும், கம்பியில் கடைசியாகக் குத்திய சிட்டையைக் கழற்றி மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு திரையோடு ஒப்பிட்டார். 2 மூட்டை துவரம்பருப்பு, ஒரு டின் நல்லெண்ணெய். தொகையும் சரியாக இருந்தது. மறுபடி பில் போட்டார், மறுபடி பிடுங்கினார். அப்படி 20 முறை. ஒவ்வொரு முறையும் சிட்டையைப் பார்த்துவிட்டுத்தான் தலையசைத்தார். கடைசியில் பையனைக் கூப்பிட்டு, இனி ஒரு மாதச் சிட்டை முழுதாகக் கம்பியிலேயே இருக்க வேண்டும், எடைக்குப் போகக் கூடாது என்று சொன்னார். நானும் அதையேதான் சொல்ல நினைத்திருந்தேன்.